க மேல் உட்கார்ந்த புள்ளி

மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. அடுத்தவர் எழுத்தில் ஒற்று விட்டுப்போன இடத்தில் போடுவதும், வேண்டாத இடத்தில் இருப்பதை எடுப்பதும், ளகரத்தை ழகரமாக்குவதும், அதற்காக அதே ஆளிடம் திட்டு வாங்குவதும்தான் நாள் முழுக்க. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், திரையில் 'க்டல்' என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. கடல்தான். தட்டச்சு செய்யும்போது அகரத்துக்கான விசையைத் தவறவிட்டால் இப்படி வரும், தினம் நாலு பார்ப்பேன். தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது என்பதால் பார்த்த உடனே உறுத்தும். கர்சரைக் கொண்டுபோய் வைத்தேன். புள்ளியைக் காணோம். 'கடல்' ஒழுங்காகத்தான் இருந்தது. புள்ளி அடுத்த வரிக்கு இறங்கி 'மனம்' மேல் உட்கார்ந்திருந்தது.

திரையைத் துடைத்தேன். அப்புறம் கண்ணாடியைத் துடைத்தேன். அப்புறம் கண்ணைக் கழுவினேன். ஜன்னல் பக்கம் திரும்பி வெறும் வானத்தைப் பார்த்தபோதுதான் முழுக் கூட்டமும் தெரிந்தது: என் புள்ளி, அதன் பின்னால் வாலாட்டிக்கொண்டு ஒரு நூல், கொக்கி மாதிரி வளைந்த ஒன்று, தவளை முட்டை போல ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து ஒளிபுகும் குமிழ்கள். உற்றுப் பார்த்தால் ஓடின. கண்ணை நிறுத்தினால் அவையும் கொஞ்சம் தள்ளாடி, மெதுவாக மிதந்து, நின்றன. அப்போது எனக்கு வயது 38, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கண்ணாடி, இரண்டு கண்ணிலும் மைனஸ் 7. இரவு முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் கண் டாக்டர். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியச் செய்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்தபடி, மேலே பாருங்க, கீழே பாருங்க, இடது ஓரம் பாருங்க என்று கால் மணி நேரம் பார்த்தார். அந்த வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து நகர்ந்தபோது, ஒரு கணம், இலையெல்லாம் உதிர்ந்த ஒரு பெரிய மரம் கறுப்பாகக் கண்முன் விரிந்து மறைந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு அவர் சொன்னது இரண்டே வாக்கியம்.

"ஒண்ணுமில்ல, ஃப்ளோட்டர்ஸ்தான், கண்டுக்காதீங்க." நான் கதவு வரை போய்விட்டேன். "ஆனா திடீர்னு நிறைய வந்தா, மின்னல் மாதிரி தெரிஞ்சா, இல்ல ஓரத்துல திரை இறங்கின மாதிரி இருந்தா, அன்னிக்கே வந்துடணும், நாளைக்குன்னு வைக்கக் கூடாது."

கண்டுக்கவும் கூடாது, கவனிக்காமல் விடவும் கூடாது. ஒரே பொருளை ஒரே நேரத்தில் எப்படி இரண்டும் செய்வது? இந்த ஆறு வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

முதலில் இந்த ஃப்ளோட்டர்ஸ், அதாவது மிதவைகள், என்ன என்று பார்த்துவிடலாம். கண்ணுக்குள் லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவில் இருப்பது வெற்றிடம் இல்லை, விட்ரியஸ் என்கிற ஜெல். கண்ணின் கொள்ளளவில் கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அளந்தால் சுமார் 4 மில்லி, ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. அதில் 98 சதவீதத்துக்குக் குறையாமல் தண்ணீர். மீதியுள்ள துளியூண்டு கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும் சேர்ந்துதான் அத்தனை தண்ணீரையும் ஓடவிடாமல் ஜெல்லாகப் பிடித்து வைத்திருக்கின்றன. வயது ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. அங்கங்கே ஜெல் உடைந்து வெறும் தண்ணீராகிறது, விடுபட்ட இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுகொள்கின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான். கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் நம் கண் நீளம். சராசரிக் கண் முன்னிருந்து பின்னாக 24 மில்லிமீட்டர் இருக்கும். என்னுடையது 27.

நமக்குத் தெரிவது அந்த இழை இல்லை, விழித்திரையில் விழும் அதன் நிழல். சுவர் பக்கத்தில் கையை வைத்தால் நிழல் விரல் விரலாகத் தெரியும், தள்ளிக்கொண்டு போனால் மங்கிக் கரைந்துவிடும் இல்லையா, அதே கணக்குதான் இங்கேயும். விழித்திரைக்கு அருகில் மிதப்பவை கூர்மையாகவும் தள்ளி இருப்பவை புகைபோலவும் தெரிகின்றன. வெயிலில், வெள்ளைச் சுவரில், வெள்ளைத் திரையில் ஏன் அதிகம் என்றால், வெளிச்சத்தில் பாப்பா சுருங்கி ஊசித்துளை போலாகிவிடுகிறது. ஒளி ஒரே இடத்திலிருந்து வருவதால் நிழல் துல்லியமாகிறது. மங்கல் வெளிச்சத்தில் பாப்பா விரிந்தால் நிழலும் குழைந்துபோகும். இது தெரிந்த அன்றே என் திரையின் வெள்ளைப் பின்னணியை மாற்றினேன். வெளிர் சாம்பல், எழுத்து கொஞ்சம் பெரிசு, வெளிச்சம் பாதி. பாதித் தொல்லை அதிலேயே போனது.

ஓடிப்போவதற்கும் காரணம் எளிதுதான். அது கண்ணுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பும்.

கண்ணில் பூச்சி பறக்கிறது என்று நாம் சொல்கிறோம், பசி மயக்கத்துக்கும் அதையே சொல்கிறோம் என்பது வேறு விஷயம். லத்தீனில் இதற்கு மஸ்கே வாலிடான்டீஸ் என்று பெயர், பறக்கும் ஈக்கள் என்று பொருள். தொடர்பே இல்லாத இரண்டு மொழிக்காரர்கள் காற்றில் கையை வீசிப் பார்த்துவிட்டு ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் முதல் வாரத்தில் இரண்டு முறை கையை வீசினேன்.

இப்போது அந்த இலையில்லாத மரம். அது என் கண்ணின் சொந்த ரத்தக்குழாய்கள். ஒளியை உணரும் செல்களுக்கு முன்னால்தான் அந்தக் குழாய்கள் ஓடுகின்றன, ஆகவே பிறந்ததிலிருந்து அவற்றின் நிழல் விழித்திரைமேல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நிழல் அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதால் மூளை அதைக் கழித்துவிடுகிறது. வெளிச்சம் வழக்கமில்லாத கோணத்தில் வந்து நகரும்போது நிழலும் இடம் மாறும், ஒரு கணம் மாட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் உடலியலாளர் புர்கின்யே இதை விவரித்தார், அதனால் புர்கின்யே மரம் என்றே பெயர். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு மரத்தையே மறைத்து வைத்திருக்கும் மூளைக்கு நாலு நூலும் ஒரு கொக்கியும் எம்மாத்திரம்? சிக்கல் என்னவென்றால் இவை அசைகின்றன. அசைவதை விடாமல் காட்டுவதற்கென்றே நம் பார்வை அமைந்திருக்கிறது. எனவே பழக நாளாகும், வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில்.

அதற்குள் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

காலையில் எழுந்ததும் கூரையைப் பார்த்து எண்ணுவேன். குளியலறை ஓட்டில் ஒரு தடவை. வாசலில் நின்று வானத்தில் ஒரு தடவை. வேலைக்கு நடுவே வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இடது கண்ணை மூடி வலதில், வலதை மூடி இடதில். நேற்று ஏழு, இன்று எட்டு! நெஞ்சு அடித்துக்கொள்ளும். திரும்ப எண்ணினால் ஆறு. ஒரு நாள் நீல வானத்தில் மினுமினு என்று சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள் வளைந்து வளைந்து ஓடுவதைக் கண்டுபிடித்து, இது புதிய வியாதி என்று முடிவு கட்டி, ஒரு வாரம் அதையும் சேர்த்துக் கவலைப்பட்டேன். அது எல்லோருக்கும் தெரியும். விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்கள். நாடித்துடிப்புக்கு ஏற்ப விரைந்தும் தயங்கியும் போகும். மிதப்பவை கண்ணசைவுக்குத் தள்ளாடும், இவை தம் போக்கில் சின்னச் சின்னப் பாதைகளில் ஓடும், வித்தியாசம் அவ்வளவுதான். நிம்மதியாக ரசிக்க வேண்டிய ஒன்றுக்குப் பயந்திருக்கிறேன்.

தேடினால் இருக்கும். எனக்கு அது உறைத்தது அம்மாவிடம் பேசியபோதுதான். அம்மாவுக்கு அப்போது 68. என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒண்ணு இருக்கே, வட்டமா, வளையம் மாதிரி. பதினஞ்சு வருஷமா சுத்துது" என்றார்.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"இதுல சொல்ல என்னடா இருக்கு? நீ சொன்னப்புறம்தான் ஞாபகமே வந்தது. சும்மா இருந்தவளைக் கிளப்பிட்டே, இப்ப இங்கதான் நிக்குது பாரு."

அந்த வளையத்துக்குப் பெயரே இருக்கிறது, வைஸ் வளையம். ஜெல் தளர்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் விழித்திரையிலிருந்து மொத்தமாக விலகி முன்னால் வந்துவிடும். பொதுவாக 50 வயதுக்கு மேல் நடக்கும், கிட்டப்பார்வைக்காரர்களுக்கும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் முன்னதாகவே. பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த பகுதி வட்டமாகப் பெயர்ந்து வந்தால் இப்படி வளையமாகத் தெரியும். அம்மாவை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், விழித்திரை நன்றாக இருந்தது. ஆனால் அந்த விலகல் நடந்த புதிதிலேயே காட்டியிருக்க வேண்டியது. ஏனென்றால் எல்லா இடத்திலும் ஜெல் சமர்த்தாகக் கழன்று வருவதில்லை. சில இடத்தில் அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருக்கும், இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, தெரிந்ததெல்லாம் ஒளி மட்டும், எனவே இழுபடும்போது அது மின்னலாகத்தான் கத்தும். மேலும் இழுத்தால் கிழியும். அறிகுறிகளோடு திடீரென இந்த விலகல் நடப்பவர்களில் சுமாராகப் பத்தில் ஒருவருக்கு, சில கணக்குகளில் அதைவிடக் கொஞ்சம் அதிகமானவர்களுக்கு, கிழிசல் இருக்கிறது. கிழிசல் வழியாகத் தண்ணீர் பின்னால் புகுந்து விழித்திரையைச் சுவரிலிருந்து பெயர்த்தால், டாக்டர் சொன்ன அந்தத் திரை இறங்கும். அது பார்வையின் நடுப்பகுதிக்கு வருவதற்குள் சரி செய்கிறார்களா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் விழித்திரை பெயர்ந்தால் பார்வை போனதுதான். கிழிசலே மூலகாரணம், அதை அடைக்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் ஜூல் கோனன் என்ற மருத்துவர் செய்து காட்டியபிறகுதான் நிலைமை மாறியது.

அம்மாவும் நானும் இரண்டு ஓரங்கள். அவர் கண்டுக்கவே இல்லை, நான் கண்டுகொண்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒரு தாளில் பென்சிலால் என் மிதவைகளை வரைந்தேன். இடது கண்ணுக்கு ஒரு வட்டம், வலது கண்ணுக்கு ஒரு வட்டம், உள்ளே நூல், கொக்கி, தவளை முட்டை, புள்ளி. தேதி போட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு, வெள்ளைச் சுவர், ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம், படத்தோடு ஒப்பிட வேண்டியது, தாளை மடித்து வைக்க வேண்டியது. மீதி நாட்களில் எண்ணத் தடை. மின்னலோ மிதவைத் தூறலோ திரையோ தானாக வந்து நின்றால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை கணக்கு இல்லை, உடனே கிளம்ப வேண்டும். அவை தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய ரகமும் இல்லை. முதல் மாதம் தடையை நூறு முறை மீறியிருப்பேன். ஐந்தாறு மாதத்தில் ஒரு ஞாயிறை மறந்தேபோனேன். புள்ளி நேர் பார்வைக்கு வந்து மறைத்தால், தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் சட்டென்று மேலே கீழே இரண்டு தடவை ஓட்டுவேன். ஜெல் குலுங்கி அது ஓரமாகப் போய்விடும். வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி. இவ்வளவுதான் என் வைத்தியம்.

இதைவிடப் பெரிய வைத்தியமும் உண்டு. விட்ரெக்டமி, அதாவது ஜெல்லையே வெட்டி உறிஞ்சி எடுத்துவிடுவது. ராபர்ட் மாக்கெமர் 1970 வாக்கில் தொடங்கிவைத்த முறை. மிதவைகள் நிஜமாகவே போய்விடும், ஜெல் திரும்ப வளராது, அந்த இடத்தில் கண் தானே சுரக்கும் தெளிந்த நீர் நிரம்பிக்கொள்ளும். விலை என்னவென்றால், 50 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கண்புரை வந்துவிடும், தவிர விழித்திரை கிழிவது, கிருமி தொற்றுவது என்று எண்ணிக்கையில் குறைவான, வந்தால் பெரிதான ஆபத்துகள். மிதவை வாழ்க்கையையே முடக்கிப் போட்டவர்கள் செய்துகொள்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. யாக் லேசரால் இழைகளைப் பொடிப்பது இன்னொன்று. 2017இல் வெளியான ஒரு சோதனையில் 52 பேரைப் பிரித்து, சிலருக்கு நிஜ லேசரும் சிலருக்குப் பாசாங்கு லேசரும் கொடுத்தார்கள். நிஜ லேசர் பெற்றவர்களில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேலே, நன்றாகக் குறைந்தது என்றார்கள், பாசாங்குக் குழுவில் அப்படிச் சொன்னவர் ஒருவரும் இல்லை. நம்பிக்கை தரும் விஷயம்தான், ஆனால் சின்னச் சோதனை, அதுவும் அம்மாவுடையது மாதிரி தனியாக நிற்கும் வளையங்களுக்கு. என்னுடையவை உதிரி நூல்கள், அதற்கு லேசர் சரிப்படாது என்று டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மற்றபடி சொட்டு மருந்து, கண் பயிற்சி, மாத்திரை என்று விற்கிறார்கள். மிதவையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து ஒன்றுகூடக் கிடையாது.

இதில் வேடிக்கையான எதிர்ப்பக்கமும் உண்டு. ஆஸ்டிராய்டு ஹயலோசிஸ் என்று ஒரு நிலை. கால்சியமும் கொழுப்பும் கலந்த துகள்கள் ஜெல் முழுக்க இறைந்து கிடக்கும், உள்ளே பார்க்கும் டாக்டருக்கு நட்சத்திரம் நிறைந்த ராத்திரி போல மின்னும். கண்ணுக்குச் சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது! வாழ்க்கையில் நியாயம் என்று ஒன்று இருந்தால் எனக்கு அதுதான் வந்திருக்க வேண்டும்.

நாலு வருஷம் இப்படியே போனது. 42 வயதில் ஒரு ராத்திரி, விளக்கணைத்துவிட்டுப் புரண்டு படுத்தபோது, வலது கண்ணின் வலது ஓரத்தில் ஒரு வில். எரியத் தயங்கும் ட்யூப்லைட்டின் ஓரம் மினுக்குமே, அப்படி. மறுபடி புரண்டேன், மறுபடி மினுக்கியது. ஒற்றைத்தலைவலிக்கு முன்னால் சிலருக்கு வரும் ஒளிக்கோடுகள் பல்பல்லாக இருக்கும், இரண்டு கண்ணிலும் தெரியும், இருபது முப்பது நிமிஷம் விரிந்து விரிந்து அடங்கும். இது அது இல்லை. கண்ணை அசைத்தால்தான் வருகிறது, கண நேரம்தான், ஒரு பக்கம்தான். இத்தனை நாள் பயத்தில் படித்ததெல்லாம் அந்த நிமிஷம் வரிசையாக வந்து நின்றது. விடிந்ததும் சுவரைப் பார்த்தேன். பேனாவை உதறினால் மை தெறிக்குமே, அந்த மாதிரி பொடிப்பொடியாகக் கறுப்பு. தாளை எடுத்து ஒப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை.

அன்று காலையே போனேன். அதே நெற்றி விளக்கு, அதே மேலே பாருங்க கீழே பாருங்க, இந்த முறை இமைக்கு மேல் ஒரு சின்னக் கருவியால் அழுத்தி அழுத்தி. மேல் ஓரத்தில் ஒரு கிழிசல், லாடம் மாதிரி வளைந்து. விழித்திரை இன்னும் பெயரவில்லை. அப்போதே லேசர் போட்டுவிடலாம் என்றார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து, கண்மேல் ஒட்டினாற்போல ஒரு லென்ஸ், அப்புறம் பச்சை வெளிச்சம் டப் டப் டப் என்று. சில இடத்தில் சுருக்கென்று குத்தியது, மற்றபடி உட்கார்ந்திருப்பதுதான் சிரமம். கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை தழும்பு, துணி பிரியாமல் ஓரம் தைப்பது போல. தையல் இறுக இரண்டு வாரம் ஆகும், அதுவரை பளு தூக்காதீங்க, ஓடாதீங்க என்றார்கள், ஒன்றரை மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். "இந்தக் கறுப்பெல்லாம் போயிடுமா?" என்று கேட்டேன். லேசர் கிழிசலுக்குத்தான், மிதவைக்கு இல்லையாம். ரத்தப் பொடி மெல்லக் கரையும், மீதி அங்கேயேதான். "அதைக் கண்டுக்காதீங்க" என்றார்.

கறுப்புப் பொடி இரண்டு மூன்று மாதத்தில் போனது. வலது கண்ணில் இப்போது எனக்கும் ஒரு வளையம், முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் வாய் திறந்தது. அம்மாவிடம் சொன்னபோது "பரவாயில்ல, என்னைக் கொண்டிருக்கே" என்றார். புதிய தாளில் புதிய படம் வரைந்து தேதி போட்டிருக்கிறேன். ஞாயிறுகளை மறக்கிறேன்.

போன மாதம் ஒரு நாவல் அச்சாகி வந்தது. எழுதியவர் போன் செய்தார், குரலே சரியில்லை. நாலாம் அத்தியாயத்தைத் திறந்து முதல் சொல்லைப் படியுங்கள் என்றார். திறந்தேன். பெரிய எழுத்தில், கறுப்பாக, 'க்டல்'. அதை நான் மெய்ப்பில் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணை மேலே கீழே இரண்டு தடவை ஓட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.